தொழுகையை மாத்திரையாக்காதீர்! மாத்திரையைத் தடுக்காதீர்!

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

ருகூவு முதுகெலும்புக்கு நல்லது, ஸஜ்தா மூளைக்கு இரத்தம் பாய்ச்சுகிறது, ஐவேளைத் தொழுபவருக்கு மன அழுத்தம் அண்டவே அண்டாது, தொழுகையே தலைசிறந்த யோகா! ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டார மஹல்லாக்களின் வாட்ஸ்அப் குழுக்களில் இத்தகைய செய்திகள் வாரம் தவறாமல் வலம் வருகின்றன. அனுப்புவோரின் எண்ணத்தில் குறையில்லை. ஆனால் செய்தியில் இரு பெருங்குறைகள் உள்ளன. ஒன்று, அது வணக்கத்தின் தகுதியைக் குறைக்கிறது. மற்றொன்று, அது நோயாளியைக் குற்றவாளி ஆக்குகிறது.

முதற்குறையைப் பார்ப்போம். மூட்டு வலியால் நாற்காலியில் அமர்ந்து தொழும் பெரியவர் நம் பள்ளிவாசல் ஒவ்வொன்றிலும் இருக்கிறார். படுத்த படுக்கையாகக் கிடப்பவர் சைகையால் தொழுகிறார். ருகூவு முதுகெலும்புக்காகத்தான் என்றால் இவர்களுடைய தொழுகைக்கு என்ன பொருள்? நாம் தொழுவது அல்லாஹ் கட்டளையிட்டதால். நாம் அவனுடைய அடிமைகள் என்பதால். உடற்பயனே நோக்கமென்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தால், அதைவிடச் சிறந்த பயிற்சி கிடைத்த நாளில் அப்பிள்ளை முஸல்லாவைச் சுருட்டி வைத்துவிடும்.

தொழுகையில் அமைதி இல்லையா? உண்டு. தொழுகையைக் கொண்டு எங்களை ஆறுதல் அடையச் செய்வீராக என்று பிலால் (ரலி) அவர்களிடம் நபி (ஸல்) அவர்கள் கூறியுள்ளார்கள். இறைநினைவால் உள்ளங்கள் அமைதி பெறுவதை அர்-ரஃது அத்தியாயம் உரைக்கிறது. இதில் எள்ளளவும் நமக்கு ஐயமில்லை. ஆனால் அந்த அமைதி அல்லாஹ் தன் நாட்டப்படி வழங்கும் அருள். இத்தனை ரக்அத்துக்கு இத்தனை நிம்மதி என்று எழுதித் தரப்பட்ட ஒப்பந்தம் அன்று. மேலும், அவசர அவசரமாகத் தொழுத ஒருவரை நபி (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் திருப்பியனுப்பித் தொழச் செய்தார்கள். கோழி கொத்துவதுபோல் நான்கு ரக்அத்தை முடித்துவிட்டு, தொழுகை மன அமைதி தரும் என்று பிறருக்குச் செய்தி அனுப்புவது நமக்கு அழகா?

இரண்டாவது குறையே அதிகம் அஞ்சத்தக்கது. கணவர் வளைகுடாவில், மாமியாரின் மருந்து, பிள்ளைகளின் படிப்பு, நகைக்கடன் யாவும் தன் தலையில், மாதக்கணக்கில் உறக்கமின்றித் தவிக்கும் சகோதரியை எண்ணிப் பாருங்கள். நூற்பாலையில் இரவுப் பணி செய்து, பகலிலும் கண்மூட முடியாமல் நெஞ்சு படபடக்கும் இளைஞனை எண்ணிப் பாருங்கள். இவர்கள் தொழுகிறார்கள், திக்ர் செய்கிறார்கள், ஆயினும் பாரம் இறங்கவில்லை. அப்போது அந்த வாட்ஸ்அப் செய்தி அவர்களுக்கு என்ன சொல்கிறது? உன் ஈமான் பழுதுபட்டது என்கிறது. நோயின் வேதனை போதாதென்று பாவி என்ற பட்டமும் சேர்கிறது. அதன்பின் அவர்கள் யாரிடமும் வாய் திறப்பதில்லை.

இப்படிப் பேசுவோரிடம் ஒரு கேள்வி. மகன் யூசுஃபைப் பிரிந்த துயரத்தால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதாகக் குர்ஆன் கூறுகிறதே, அந்த இறைத்தூதரின் ஈமானையா குறை சொல்வீர்கள்? கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் பாதுகாப்புத் தேடி நபி (ஸல்) அவர்கள் அதிகமாக துஆச் செய்தார்கள் என்பது புகாரியில் பதிவாகியிருக்கிறதே! துக்கம் என்பது மனிதனுக்கு நேர்வது. அதுவே குற்றமாகிவிடாது.

மனநோயை நோயென்று ஏற்க மறுத்தால் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதை நம் தமிழகமே கண்டுவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக்கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட வழியின்றி 28 பேர் கருகி இறந்தார்கள். நாட்டையே உலுக்கிய அவ்விபத்தை உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. சங்கிலி இரும்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஜின் பிடித்திருக்கிறது என்று சொல்லிப் பணம் பறிப்பவனின் வாசலில் பெற்ற மகளை வருடக்கணக்கில் உட்காரவைப்பதும் சங்கிலிதான்.

இது நம் முன்னோர் காட்டிய வழியும் அன்று. கி.பி. 934-இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒரே நூலின் இரு பகுதிகளாக எழுதினார். அச்சம், கோபம், துயரம், ஓயாத தீய எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணமே தெரியாமல் கவியும் துயரம் வேறு என்று பிரித்தார். பின்னதன் வேர் உடலில் இருக்கலாம் என்றார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞருக்குப் புரிந்தது நமக்குப் புரியக்கூடாதா?

நோய்க்கு மருத்துவம் செய்யுமாறு கட்டளையிட்டவர்கள் நபி (ஸல்) அவர்கள். உடலுக்கும் உம்மீது உரிமை உண்டு என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்களுக்கு உணர்த்தினார்கள். நிற்கையில் கோபம் வந்தால் அமரவும், அப்போதும் தணியாவிட்டால் படுக்கவும் கற்பித்தார்கள். உடலின் நிலை மாறினால் உள்ளத்தின் கொதிப்பு அடங்கும் என்பது இதில் விளங்கவில்லையா? பார்லி மாவில் செய்யும் தல்பீனா கஞ்சி துக்கத்தைச் சற்றே தணிக்கும் என்ற செய்தியும் ஹதீஸில் உண்டு.

மறுபுறம், மூச்சுப்பயிற்சி என்றாலே ஹராம் என்று பாய்வோரும் நம்மில் உண்டு. அவர்கள் நிதானிக்க வேண்டும். மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2008-இலும் இந்தோனேசிய உலமா சபை 2009-இலும் யோகாவைப் பற்றித் தீர்ப்பளித்தன. மந்திர உச்சாடனமும் பிறமத வழிபாட்டு அம்சங்களும் கலந்ததையே இந்தோனேசிய உலமாக்கள் விலக்கினார்கள். வெறும் உடற்பயிற்சியை அன்று. 2015-இல் முதல் சர்வதேச யோகா தினத்தின்போது முஸ்லிம்கள் ஆட்சேபித்த சூரிய நமஸ்காரம் நிகழ்ச்சியில் இடம்பெறவில்லை. ஆகவே அளவுகோல் தெளிவானது. மந்திரம், சூரியனை வணங்குதல், குருவுக்குத் தெய்வத்தன்மை கற்பித்தல் ஆகியவை இருந்தால் அங்கே நமக்கு வேலையில்லை. மெதுவாக மூச்சிழுத்து விடுவதும், கை கால்களை நீட்டி மடக்குவதும், காலையில் நடப்பதும் எந்த மதத்தின் சொத்தும் அல்ல. மூச்சைத் தந்தவன் அல்லாஹ். அதே வேளையில், இத்தனை ஆயிரம் கட்டினால் எல்லா நோயும் பறக்கும் என்று முகாம் நடத்துபவரையும் நம்பிவிடாதீர்கள். மூச்சுப்பயிற்சி பதற்றத்தைத் தணிக்க உதவும். கடுமையான மனநோய்க்கு அது மருத்துவம் ஆகாது.

ஜமாஅத் நிர்வாகிகளே! பேச்சோடு நில்லாமல் செயலில் இறங்குவோம். ஃபஜ்ருக்குப் பின் மதரஸா முற்றத்தை ஒரு மணி நேரம் பெண்கள் நடப்பதற்கு ஒதுக்குங்கள். இலவச மனநல ஆலோசனை வழங்கும் டெலி மானஸின் 14416 என்ற எண்ணை ஜும்ஆவில் அறிவியுங்கள், தமிழிலேயே பேசலாம். ஓதிப் பார்க்க வருபவரிடம், மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். ரமளானில் மாத்திரை நேரத்தை மாற்றுவதானால் மருத்துவரைக் கேட்டே மாற்றச் சொல்லுங்கள். பெற்றோர்களே! பிள்ளை சோர்ந்து ஒதுங்கினால், நீ தொழுதாயா என்று அதட்டுமுன், நீ தூங்கினாயா என்று கேளுங்கள். இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். நாமோ நள்ளிரவுவரை கைப்பேசியைக் கீழே வைப்பதில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதே நம் மார்க்கம். துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். துன்புறும் சகோதரரைத் தீர்ப்புச் சொல்லித் துரத்தாமல், தோள் கொடுத்துத் தாங்கும் சமுதாயமாக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.