பல்கலைக்கழகம் மாறுவதா, நிலைப்பதா?

தோட்டத்துப் பிள்ளையொன்று பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டால் அம்மகிழ்ச்சி ஒரு வீட்டோடு நிற்பதில்லை. லயம் முழுவதும் அதனைத் தன் வெற்றியாகவே கொள்கின்றது. கொழுந்து பறித்து மிச்சம் பிடித்த காசில் பயணப் பெட்டி வாங்கப்படுகின்றது. மாரியம்மனுக்கு நேர்த்திக்கடனும் வைக்கப்படுகின்றது. ஆனால் சென்று சில மாதங்கள் கழிந்ததும், "வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டால் என்ன?" என்னும் எண்ணம் பிள்ளையின் மனத்தில் எழுவதுண்டு. வீட்டாரிடம் சொல்லத் தயங்கி, தனக்குள்ளேயே வைத்து வருந்துவோரும் உளர். வரலாற்றைப் பாடமாகக் கொண்ட பதுளை மாவட்ட மாணவரை முன்வைத்து இவ்வாரம் இதனைச் சற்று ஆராய்வோம்.

பதுளையில் 2005 ஆம் ஆண்டு ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தோன்றியது. அது அறிவியல், தொழில்நுட்பம், முகாமைத்துவம் முதலிய துறைகளை முதன்மையாகக் கொண்டது. வரலாற்றுப் பட்டம் நாடுவோர் பேராதனைக்கோ, கொழும்புக்கோ, யாழ்ப்பாணத்துக்கோ, மட்டக்களப்புக்கோ செல்லவேண்டியவரே. பசறை, மடுல்சீமை, ஹாலி-எல, அப்புத்தளைப் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பதென்றாலே வீட்டைப் பிரிவதென்று பொருள். ஆதலால் பிரிவுத் துயரை மட்டும் காரணமாகக் கொண்டு இடம் மாறினால், அத்துயரும் பெட்டியோடு கூடவே பயணம் செய்யும்.

மாறுவது குற்றமன்று. 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகமே 1952 இல் பேராதனைக்கு இடம்பெயர்ந்ததன்றோ? அங்கே வரலாறு கற்பித்த சி. அரசரத்தினம் பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சியை ஆராய்ந்தவர், 1970 இல் மலேசிய, சிங்கப்பூர் இந்தியரைப் பற்றி நூல் வெளியிட்டார். புதிய இடம் புதிய ஆராய்ச்சிப் பொருளைத் தந்தது. பேராதனையிலிருந்த கா. இந்திரபாலா, 1974 இல் தோன்றிய யாழ்ப்பாண வளாகத்துக்குச் சென்று அங்கு வரலாற்றுத்துறையை வளர்த்தார். இவை ஆக்கத்துக்கான மாற்றங்கள்.

காலத்தின் கொடுமையால் நேர்ந்த மாற்றங்களும் உண்டு. 1983 இன் வன்செயல்களை அடுத்துத் தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களை விட்டு வெளியேறிய தமிழ் மாணவர்கள், யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டனர். 1984 ஜனவரியில் அக்கோரிக்கைக்காக உண்ணாவிரதமும் நடைபெற்றது. உயிருக்கு அஞ்சி மாற்றம் கேட்பது வேறு. உணவு பிடிக்கவில்லையென்று கேட்பது வேறு. காரணத்தின் எடையை அறிந்தே முடிவின் எடையை அறியவேண்டும்.

மாணவர் முதலில் தம்மைத் தாமே வினவ வேண்டியது இது: நம்மை வருத்துவது பாடமா, இடமா, பணமா, மனிதரா? பணமாயின், மஹாபொல போன்ற உதவித் திட்டங்களை நாடலாம். மனிதராயின், அதாவது பகிடிவதையாயின், அதனைத் தடைசெய்யும் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இருக்கின்றது. துன்பத்தை வாய்மூடிப் பொறுத்திருக்க வேண்டியதில்லை. பெற்றோரிடமும் பொறுப்பான விரிவுரையாளரிடமும் சொல்லுதல் வேண்டும். ஓடவேண்டியவர் துன்புறுத்துவோரேயன்றி, துன்புறுவோரல்லர். மொழியே இடராயின் இரண்டொரு பருவத்தில் அது தளரும்.

பாடமே காரணமாயின், அது ஆழ்ந்து நோக்கத்தக்கது. நம் கலைப்பீடங்களில் முதலாண்டில் பல பாடங்களைப் பயின்று, அப்பெறுபேற்றைக் கொண்டே வரலாற்றைச் சிறப்புப் பாடமாகத் தேர்வது வழக்கம். எனவே முதலாண்டிலே மனம் சிதறுவது பின்னர் வரும் வாய்ப்பையே பாதிக்கும். செல்ல விரும்பும் இடத்தில் வரலாறு தமிழில் கற்பிக்கப்படுகின்றதா? நாம் நாடும் பகுதியில் ஆழ்ந்த ஆசிரியர் இருக்கின்றனரா? நூலகம் எத்தகையது? முதலாண்டுப் பாடங்களை அங்கு ஏற்பார்களா? இவற்றுக்கு எழுத்தில் விடை கிடைத்த பின்னரே விண்ணப்பத்தைப் பற்றி எண்ணவேண்டும். மாற்றம் நம் விருப்பத்தால் மட்டும் நிறைவேறுவதன்று. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விதிகளும், இரு பல்கலைக்கழகங்களின் இணக்கமும் அதில் அடங்கியுள்ளன. அனுமதி கைக்கு வருமுன் இருக்கும் இடத்தைக் கைவிடுவோர், ஆற்றின் நடுவே தோணியை விட்டவராவர். இழக்கும் ஓராண்டு தம்முடையது மட்டுமன்று. பின்னே காத்திருக்கும் தம்பி தங்கையருடையதுமாகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வரலாற்று மாணவருக்குப் பல்கலைக்கழகம் பாதி. சான்றுகள் கிடக்கும் இடம் மறுபாதி. 1818 இல் ஊவாக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியது பற்றிய அரசாங்கப் பத்திரங்களைத் தேடுவோர், எங்கே கற்றாலும் கொழும்புத் தேசிய சுவடிகள் காப்பகத்துக்குச் செல்லவேண்டும். ஆனால் தோட்டத்து வரலாற்றின் சான்றுகள் பல நம் வீட்டுத் தகரப் பெட்டியிலேயே இருக்கின்றன. மண்டபம் முகாம் வழியே வந்த பாட்டனின் கடதாசி, 1948 இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் எழுதிய மனு, 1964 இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் பிரிந்துபோன உறவினரின் கடிதம் ஆகியன யாவும் ஆவணங்களே. 2014 அக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியபோது, மனித உயிர்களோடு இத்தகைய நினைவுகளும் புதைந்தன. எஞ்சியவற்றை எழுதிவைக்க யார் வருவார்?

ஹாலி-எலப் பகுதித் தோட்டமொன்றில் பிறந்த தெளிவத்தை ஜோசப், மலையகச் சிறுகதையின் வரலாற்றைத் தேடித் தொகுத்தார். அத்தகைய பணிக்கு வேண்டியது ஊக்கமும் விடாமுயற்சியும். பேராதனையில் இருப்பவரும், யாழ்ப்பாணத்தில் இருப்பவரும் விடுமுறையில் வீடு வந்து முதியோரிடம் கேட்டெழுதலாம். ஆய்வுக்கட்டுரைக்கும் அதனையே பொருளாக்கலாம்.

ஆகவே, பெற்றோரே, பிள்ளை மாற்றம் கேட்டால் உடனே கோபியாதீர்கள். உடனே இசையவும் வேண்டாம். அமரவைத்துக் காரணத்தைக் கேளுங்கள். மாணவரே, ஆறு மாதம் பொறுத்து, விரிவுரையாளர் ஒருவரிடம் மனந்திறந்து பேசி, பின்னர் முடிவுசெய்யுங்கள். நல்ல காரணமிருந்தால் தலைநிமிர்ந்து மாறுங்கள். இல்லையெனில், இருக்கும் இடத்தில் ஊன்றி நில்லுங்கள். தேயிலைக் கன்றையும் வேர்பிடிக்குமுன் பிடுங்கி நடுவார் இல்லை.