ரிசீவர் அல்ல, அரண்தான் தேவை

அமெரிக்கக் கால்பந்து அணியான கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் பெரிய பெயருள்ள ரிசீவரை வாங்கியிருக்க வேண்டும், 2025 புதுவீரர் தேர்வின் (டிராஃப்ட்) முதல் சுற்றை ஜாஷ் சிம்மன்ஸ் என்ற டேக்கிளுக்கு, அதாவது ஓரத்தில் நின்று குவார்ட்டர்பேக்கைக் காப்பவருக்கு, செலவிட்டது வீண் என்கிறார் நண்பர். முழுக்க மறுக்கிறேன்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் நடந்த இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை மறுபடி பாருங்கள். சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் மஹோம்ஸ் பந்தை வாங்கி நிமிர்வதற்குள் பிலடெல்பியா ஆட்கள் அவர் மேல் விழுந்தார்கள். ஆறு முறை வீழ்த்தப்பட்டார். அதற்குக் கூடுதல் ஆள்கூடத் தேவைப்படவில்லை, முன்வரிசை நால்வரே போதும் என்றிருந்தது. இடது ஓரத்தைக் காத்த ஜோ தூனி அடிப்படையில் கார்டு (உள்வரிசைக் காப்பாளர்), வேறு ஆளில்லாமல் அங்கே நிறுத்தப்பட்டவர். 40-22 என்ற தோல்விக்கு ரிசீவர் என்ன செய்வார்? பந்து கையைவிட்டுப் புறப்பட்டால்தானே பிடிப்பதற்கு!

2021 சூப்பர் பவுலிலும் இதே கதைதான். வழக்கமான டேக்கிள் இருவரும் இல்லாமல் டாம்பா பே அணியிடம் 31-9 எனத் தோற்றார்கள். உடனே தூனி, ஆர்லாண்டோ பிரவுன், ஹம்ஃப்ரி, ட்ரே ஸ்மித் என்று காப்பு வரிசையையே புதிதாகக் கட்டினார்கள். 2022-ல் நட்சத்திர ரிசீவர் டைரீக் ஹில்லையே மயாமிக்குக் கொடுத்தார்கள். நண்பர் கணக்குப்படி அணி சரிந்திருக்க வேண்டும். அடுத்த இரண்டு கோப்பைகளும் அவர்களுக்கே! அதில் முதல் இறுதியில், அந்தப் பருவத்தில் 70 முறை எதிரணிக் குவார்ட்டர்பேக்குகளை வீழ்த்திய பிலடெல்பியாவால் மஹோம்ஸை ஒருமுறைகூட வீழ்த்த முடியவில்லை.

சுவர் இருந்தால்தான் சித்திரம். ரிசீவர் வரட்டும், டேக்கிளுக்குப் பிறகு வரட்டும்.