பிடிபட்டதை மட்டும் எண்ணுவது சோதனை ஆகுமா?

மின்னஞ்சல் வடிகட்டிக்குப் புதிய விதி எழுதுவோர் பலர், சேர்த்துவைத்த எரிதங்களின்மீது அதை ஓட்டிப் பார்த்து, பத்தில் ஒன்பது சிக்கியதும் நிறைவடைகின்றனர். இதற்குச் சோதனை என்று பெயர் வேறு. வரும் அஞ்சல் அனைத்தையும் தடுக்கும் விதிகூட இத்தேர்வில் நூற்றுக்கு நூறு பெறும்.

தமிழில் இக்குறை அப்பட்டமாகத் தெரியும். 'பரிசு' என்னும் சொல்லைக் கொண்டு ஏமாற்று அஞ்சல்களைப் பிடிக்க ஒருவர் விதி எழுதுவதாகக் கொள்க. 'பரிசை', 'பரிசாக' ஆகியன நழுவிவிடுகின்றன. உருபு சேரும்போது ஈற்று உகரம் கெடுகிறது அல்லவா? உடனே அவர் 'பரிச' என்று சுருக்குகிறார். எரிதங்கள் எல்லாம் சிக்குகின்றன. கூடவே, கட்டுரை பரிசீலனையில் இருப்பதாக ஆய்விதழ் எழுதிய கடிதமும், பரிசோதனை முடிவுகளை அனுப்பிய ஆய்வகத்தின் கடிதமும் சிக்குகின்றன. எரிதக் கோப்பை மட்டும் பார்த்தவருக்கு இது தெரிய வழியே இல்லை.

சொல்லெல்லைக் குறியை இருபுறமும் இட்டால் போதும் என்பர் சிலர். ஆங்கிலத்துக்குப் போதும். பைத்தானின் வழக்கமான தேடல் தொகுதியோ உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகவே கொள்வதில்லை. 'தமிழ்' அதற்கு 'தம', 'ழ' என்னும் இரு துண்டுகள். ஆகவே எல்லையிட்ட விதி, தனித்து நிற்கும் 'பரிசு' என்பதை விட்டுவிட்டுப் 'பரிசுக்கு' என்பதில் பொருந்தும். பிழைச்செய்தி எதுவும் வராது. விதி 'சரியாக' இயங்கும்.

இது தமிழின் குறை அன்று. 2010 ஜனவரி 1 அன்று, உலகெங்கும் பயன்பட்ட ஸ்பாம்அசாசின் வடிகட்டியின் விதி ஒன்று, அன்றைய தேதியிட்ட அஞ்சல்களையே 'நெடுந்தொலைவு எதிர்காலத்தவை' என்று கருதி எரித மதிப்பெண் சேர்த்தது. எழுதியவர் 2010 முதல் 2099 வரை எல்லாவற்றையும் எதிர்காலம் என்று வைத்திருந்தார். முந்தைய ஆண்டுகளின் முறையான கடிதங்களில் அத்தேதி இருந்திருக்க முடியாது. ஆகவே அத்தொகுப்பின்மீது எத்தனை முறை ஓட்டினாலும் பிழை வெளிப்பட்டிராது.

முறையான கடிதங்களைச் சேகரிப்பது அந்தரங்கத்தில் தலையிடுவதாகும் என்னும் மறுப்பு நியாயமானதே. ஆனால் அது சோதிக்காமல் இருப்பதற்குச் சாக்கு ஆகாது. ஸ்பாம்அசாசினில் 5 மதிப்பெண் எட்டினால்தான் அஞ்சல் எரிதமாகும்; புதிய விதிக்கு 0.01 மட்டும் கொடுத்துச் சில வாரம் ஓடவிடலாம். (0 கொடுத்தால் விதி இயங்கவே இயங்காது.) எந்த அஞ்சலும் தடைபடாது, விதி எங்கெல்லாம் பொருந்தியது என்பது அஞ்சலின் தலைப்பில் பதிவாகும். பெறுநரே தம் பெட்டியைப் பார்த்துத் தவறுகளைச் சொல்லலாம். துறைக்கு ஒரு தமிழாசிரியர், ஓர் இந்தி ஆசிரியர், ஒரு நிர்வாக ஊழியர் முன்வந்தால் போதும்.

இந்தச் சில வாரங்களைச் செலவிட மறுப்பவர் சேமிக்கும் நேரத்துக்கு விலை கொடுப்பவர் வேறொருவர். எங்கோ ஒரு சிற்றூரிலிருந்து ஆய்வு இடத்துக்குத் தமிழில் விண்ணப்பித்த மாணவிக்குக் கடிதம் திரும்பி வருவதில்லை. பேராசிரியர் பதில் எழுதவில்லை என்றே அவள் எண்ணிக்கொள்கிறாள்.