நாமே எடுத்துக் கொடுக்கும் சாவி



பிற்பகல் மூன்று மணி. பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் தனியே இருக்கிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். தொலைபேசி ஒலிக்கிறது.

"வணக்கம் அம்மா. வங்கியின் தலைமை அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். உங்கள் கடன் அட்டையில் சற்றுமுன் 48,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கப்பட்டிருக்கிறது. வாங்கியது நீங்கள்தாமா?"

அம்மையார் பதறிப்போகிறார். "ஐயோ, நான் இல்லையே!"

"கவலைப்படாதீர்கள். இப்பொழுதே நிறுத்திவிடலாம். உங்கள் கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதைச் சொன்னால் போதும்."

எண் வருகிறது. அவரும் சொல்லிவிடுகிறார். உண்மையில் அந்த நொடியில்தான் திருட்டு நடக்கிறது. அதுவரை அவருடைய அட்டையில் எவரும் எதையும் வாங்கியிருக்கவில்லை.

அக்காலத்துத் திருடன் கன்னக்கோல் கொண்டு சுவரைத் துளைத்தான். இக்காலத்துத் திருடனுக்கோ அந்த உழைப்பும் வேண்டுவதில்லை. சாவியை நாமே எடுத்து அவன் கையில் கொடுத்துவிடுகிறோம். ஏன் இவ்வாறு நேர்கிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

நம் நாட்டில் அட்டைக்குப் போடப்பட்டுள்ள பூட்டு வலுவானது. இணையத்தின் வழியே பொருள் வாங்கும்போது, அட்டையில் அச்சிட்ட விவரங்கள் மட்டும் போதா. வேறொரு சான்றும் வேண்டும் என்னும் விதியை 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் ரிசர்வ் வங்கி நடைமுறைப்படுத்தியது. கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் அத்தகைய சான்றே. பூட்டை உடைக்க இயலாத திருடன், சாவி வைத்திருப்பவரிடமே பேச்சுக் கொடுக்க வந்துவிட்டான். ஜார்க்கண்டு மாநிலத்திலுள்ள ஜாம்தாரா என்னும் சிறிய மாவட்டம் இத்தகைய தொலைபேசி மோசடிக்கே நாடெங்கும் பெயர் பெற்றுவிட்டது.

"அவன் என் வங்கியின் பெயரைச் சரியாகச் சொன்னானே! அட்டையின் முதல் எண்களைக்கூட ஒப்பித்தானே!" என்று ஏமாந்தவர்கள் வியப்பதுண்டு. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பெரும்பாலான அட்டைகளில் 16 இலக்கங்கள் உள்ளன. அவற்றுள் முதல் ஆறு அல்லது எட்டு இலக்கங்கள் அட்டையை வழங்கிய வங்கியைக் குறிப்பன. ஒரே வங்கி வழங்கிய ஒரே வகை அட்டைகள் பலவற்றிலும் அவை ஒன்றாகவே இருக்கும். நம் பெயரும் தொலைபேசி எண்ணும் எத்தனையோ கடைகளிலும் படிவங்களிலும் எழுதிக் கொடுத்தவைதாமே! ஆகவே, பேசுபவனுக்கு நம்மைப் பற்றிச் சில செய்திகள் தெரிந்திருப்பது அவன் வங்கி ஊழியன் என்பதற்குச் சான்றாகாது. கைப்பேசித் திரையில் தோன்றும் எண்ணையும் பெயரையும்கூடப் பொய்யாகக் காட்ட இயலும்.

அவன் கையாளும் கருவிகள் மூன்று: அச்சம், ஆசை, அவசரம். "இன்று மாலைக்குள் அட்டை முடக்கப்படும்" என்பது அச்சம். "நீங்கள் சேர்த்து வைத்த பரிசுப் புள்ளிகளுக்கு 6,000 ரூபாய் கிடைக்கும்" என்பது ஆசை. "தொலைபேசியை வைத்துவிடாதீர்கள், எவரிடமும் பேசாதீர்கள்" என்பது அவசரம். இம்மூன்றில் அவசரமே கொடியது. ஏனெனில் இரண்டு நிமிடம் நின்று சிந்திப்பவரை ஏமாற்றுதல் எளிதன்று. சிலர், "இந்தச் செயலியைக் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள், நாங்கள் சரிசெய்து தருகிறோம்" என்பார்கள். அத்தகைய செயலி நம் திரையில் தோன்றுவதையெல்லாம் அவர்களுக்குக் காட்டிக் கொடுத்துவிடும்.

இதற்கு மாற்று என்ன? பல விதிகளை மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. ஒன்றே போதும்: அழைப்பைத் துண்டியுங்கள், பிறகு நீங்களே வங்கியை அழையுங்கள். அட்டையின் பின்புறம் வங்கியின் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதையே பயன்படுத்துங்கள். இணையத்தில் தேடி எடுக்கும் எண் வேண்டா. போலி எண்களை அங்கே பதித்து வைத்துக் காத்திருப்போரும் உண்டு. அழைத்தவர் உண்மையான வங்கி ஊழியராகவே இருந்தால், நீங்கள் திரும்ப அழைப்பதை அவர் தவறாகக் கொள்ளமாட்டார்.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். அந்த ஆறு இலக்க எண் பணம் போவதைத் தடுப்பதற்கு அன்று; பணம் போவதற்கே தேவைப்படுவது. எண்ணோடு வரும் செய்தியை முழுமையாகப் படித்தால், எவ்வளவு தொகை, எந்தக் கடைக்கு என்பது பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். வங்கி ஊழியர் எவரும் அந்த எண்ணையோ, அட்டையின் பின்புறமுள்ள மூன்று இலக்க எண்ணையோ, ரகசியக் குறியீட்டையோ கேட்பதில்லை. கேட்பவர் வங்கி ஊழியர் அல்லர்.

வெளிநாட்டு வணிகத் தளங்கள் சிலவற்றில் ஓ.டி.பி. இன்றியே, அட்டையிலுள்ள விவரங்களைக் கொண்டு பணம் எடுத்துவிட முடியும். எனவே வெளிநாட்டுப் பயன்பாட்டை நிறுத்தி வைப்பது நன்று. இதனையும், இணையப் பயன்பாட்டையும், செலவின் உச்சவரம்பையும் அட்டை வைத்திருப்பவரே மாற்றியமைக்க வசதி செய்து தருமாறு 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு ஆணையிட்டது. வழி தெரியாத பெற்றோருக்கு வீட்டுப் பிள்ளைகள் இதைச் செய்து கொடுக்கலாமே!

இனி, நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது. ஏமாந்துவிட்டால் என்ன செய்வது?

பலரும் செய்வது, வாய் மூடி இருப்பது. "படித்தவள் நான் இப்படி ஏமாந்தேன் என்றால் மகன் என்ன சொல்வான்? மருமகள் என்ன நினைப்பாள்?" என்று அந்த ஆசிரியை அன்றிரவு முழுவதும் தனியே அழுதுகொண்டிருந்தால், திருடனுக்கு இன்னும் ஓர் இரவு கிடைக்கிறது. அவன் அப்பணத்தை ஒரு கணக்கிலிருந்து மற்றொரு கணக்கிற்கு மாற்றிக்கொண்டே போவான்.

2017-ஆம் ஆண்டு ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிமுறை இதில் ஒரு கோட்டினைக் கிழித்தது. ரகசிய எண்ணை வாடிக்கையாளரே சொல்லிவிட்டிருந்தால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரை ஏற்பட்ட இழப்பு அவரைச் சாரும். தெரிவித்த பின்னர் ஏற்படும் இழப்போ வங்கியைச் சாரும். வெட்கத்தால் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கோட்டின் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்பதைப் பாருங்கள்.

ஆகவே, உடனே வங்கியை அழைத்து அட்டையை முடக்கச் சொல்லுங்கள். புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து 1930 என்னும் எண்ணை அழையுங்கள். பண மோசடிக்கென நாடு முழுவதற்கும் அமைந்த உதவி எண் அது. விரைந்து சொன்னால், பணம் சென்று சேர்ந்த கணக்கிலேயே அதை நிறுத்தி வைக்க முயல்வார்கள். வந்த செய்திகளையும் அழைத்தவனின் எண்ணையும் அழித்துவிடாதீர்கள்.

இளையோருக்கு ஒரு வேண்டுகோள். தாயோ தந்தையோ வந்து, "ஏமாந்துவிட்டேன்" என்று சொன்னால், "எத்தனை முறை சொன்னேன்!" என்னும் சொல் உங்கள் வாயில் முதலில் வரவேண்டா. "நல்ல வேளை, சொன்னீர்களே" என்பது வரட்டும். திட்டு வாங்கிய முதியவர் அடுத்த முறை சொல்லமாட்டார். அதைத்தான் திருடன் எதிர்பார்க்கிறான்.

இன்றிரவு உணவுக்குப் பின் உங்கள் இல்லத்தில் இதைப் பேசிக்கொள்ளுங்கள். வங்கியின் எண்ணையும் 1930 என்பதையும் ஒரு தாளில் பெரிதாக எழுதித் தொலைபேசியின் அருகே ஒட்டி வையுங்கள். ஏமாந்தவர் குற்றவாளி அல்லர்; ஏமாற்றியவனே குற்றவாளி. இந்த ஒன்றை வீட்டிலுள்ள பெரியவர்கள் மனத்தில் பதியவைத்துவிட்டால், ஏமாந்த மறுகணமே அவர்கள் உங்களை அழைப்பார்கள்.