குடவோலைக் குடத்துக்குள் யார் பெயர் போனது?

ஜனநாயகம் என்ற பேச்சு எழுந்தாலே நம் மேடைகளில் உத்திரமேரூர் வந்துவிடும். கிரேக்கன் மட்டுமா, நம் பாட்டனும் அன்றே தேர்தல் வைத்தான் என்பார்கள். 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அந்தக் கல்வெட்டைத்தான் எடுத்துச் சொன்னார். பாரிவாக்கத்திலும் சுற்றியுள்ள ஊராட்சிகளிலும் வேலை செய்கிற எங்களுக்கு இந்தப் பெருமையைக் கேட்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழுகிறது. அந்தக் குடத்துக்குள் யாருடைய பெயர் போனது?

கல்வெட்டே பதில் சொல்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்டது அது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைவிட்டு எடுக்கச் சொன்னார்கள். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்கக் கூடாது என்றார்கள். நல்ல விதிதான். ஆனால் பெயர் எழுதப்படவே சில தகுதிகள் வேண்டும்: வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வயது 35 முதல் 70 வரை, வேதப் பயிற்சி. வேதமும் பாடியமும் கற்றவருக்கு அரைக்கால் வேலியே போதும் என்று நிலத்தில் சலுகையும் உண்டு. உத்திரமேரூர் ஒரு சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊர். அது அந்த நில உடைமையாளர்களின் சபை. உழுதவருக்கும் ஏரி வெட்டியவருக்கும் அங்கே ஓலை இல்லை. பெண்களுக்கும் இல்லை. அடுத்த நூற்றாண்டில் ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் நம் மக்கள் தென்படுகிறார்கள்: தீண்டாச்சேரி, பறைச்சேரி என்று, வரிக்கணக்கில் கழிக்க வேண்டிய நிலமாக.

ஏதென்ஸ் மட்டும் யோக்கியமா? இல்லை. அங்கும் அடிமைகளுக்கும் பெண்களுக்கும் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் உரிமை இல்லை. தாயும் தந்தையும் ஏதென்ஸ்காரராக இருந்தால்தான் குடிமகன் என்று கி.மு. 451இல் பெரிக்ளிஸ் சட்டம் கொண்டுவந்தார். அடிமையை உயிருள்ள கருவி என்றார் அரிஸ்டாட்டில். பிறப்பை வைத்துக் கதவடைப்பது அங்கும் நடந்தது. ஆனாலும் ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது. நிலமில்லாத ஏழைக் குடிமகன் அங்கே மக்கள் சபையில் கை தூக்கினான். குலுக்கலில் பெயர் வந்தால் நீதிமன்ற நடுவராக அமர்ந்தான். அன்றைய பிழைப்பு போகாமலிருக்க அதற்குக் கூலியும் தந்தார்கள். ஏதென்ஸின் குலுக்கல் ஏழைக் குடிமகனை அதிகாரத்துக்குள் கொண்டுவந்தது. உத்திரமேரூரின் குலுக்கல் உடையவர்களுக்குள்ளேயே பதவியைச் சுற்றவிட்டது.

அண்ணல் அம்பேத்கர் இதை அறிந்தவர். 1948 நவம்பர் 4 அன்று அரசியலமைப்பு வரைவை அவையில் வைத்துப் பேசியபோது, கிரேக்க வரலாறு எழுதிய குரோட்டைத்தான் அவர் மேற்கோள் காட்டினார். அரசியலமைப்பு அறம் மனிதருக்குத் தானாக வராது, அதை வளர்த்தெடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். கிராமத்தைக் குடியரசு என்று புகழ்ந்தவர்களை மறுத்ததும் அதே உரையில்தான்.

அவர் எச்சரித்தது நடந்தது. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் நம்மவர்களுக்குத் தலைவர் நாற்காலியை ஒதுக்கியது. அதில் உட்கார்ந்த மேலவளவு முருகேசனும் உடனிருந்த ஐவரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் ஒழுங்காகத் தேர்தல் நடத்தவே 2006 வரை ஆயிற்று. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்தார்கள். அதே ஆண்டு சுதந்திர தினத்தன்று நம் திருவள்ளூர் மாவட்டத்து ஆத்துப்பாக்கத்திலேயே தலித் பெண் தலைவர் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். பிறகு மாவட்ட ஆட்சியர் வந்துதான் ஏற்றவைத்தார். ஓலை இன்று நம் பெயரில் இருக்கிறது. குடத்தைப் பிடித்திருக்கும் கை மாறவில்லை.

ஆகவே பழம்பெருமை பேசுபவர்களிடம் ஒன்று கேட்கிறோம். ஏதென்ஸின் மக்கள் சபைக்கு நிகரான ஒன்று இன்று நம்மிடம் உண்டு: கிராம சபை. வேதமும் வேண்டாம், நிலமும் வேண்டாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அதைக் காலனிப் பக்கமும் நடத்துங்கள். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். முடியாதென்றால் ஏதென்ஸ் செய்ததுபோல அன்றைய கூலியைக் கொடுங்கள். சுடுகாட்டுப் பாதை, பட்டா, குடிநீர் என்று அவர்கள் கேட்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, படித்துக்காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

நம் மக்களுக்கும் சொல்கிறோம்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் வேலைக்குப் போகிறவரும் ஒரு மணி நேரமாவது வந்து உட்காருங்கள். ஆயிரம் ஆண்டுகளாக அடைத்த கதவு சட்டப்படி திறந்திருக்கிறது. கூட்டமாகப் போவோம்.