சீஸில் சேரும் ரெனட்

சீஸ் பக்கற்றில் காணும் 'ரெனட்' என்பது பால்குடிக் கன்றின் இரைப்பையிலுள்ள நொதியம். பாலின் புரதமொன்றை ஒரே இடத்தில் வெட்டிவிடும், பால் கட்டிபடும். வெட்டிய நொதியமோ தேய்வதில்லை. அடுத்ததை வெட்டப் போய்விடும். ஆகவேதான் பெருந்தொகைப் பாலுக்கும் சொற்பமே போதும்.

பால் மட்டுமே அருந்திய குட்டியை முறைப்படி அறுத்து எடுத்திருந்தால், ஷாபிஈ மத்ஹபில் அது சுத்தமானது. செத்ததிலிருந்து எடுத்தால் நஜீஸ். (இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் அதையும் சுத்தமென்றே கண்டார்கள்.) 1990இல் அமெரிக்கா அனுமதித்த வகை, இதே நொதியத்தை நுண்ணுயிர்களைக் கொண்டு உண்டாக்குவது. மறுபுறம், பன்றி இரைப்பையின் பெப்சினும் சீஸுக்குப் பயன்பட்டதுண்டு. எனவே பெயரை மட்டும் கண்டு வீசிவிடவும் வேண்டாம், வாயில் போடவும் வேண்டாம். எதிலிருந்து எடுத்ததென்று கம்பனிக்கு எழுதிக் கேளுங்கள்.