மேல் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாமா?

கடன் பாக்கி வழக்கு ஒன்று நம் பக்கம் சாயாவிட்டால், "போகட்டும், அப்பீலில் பார்த்துக்கொள்வோம்" என்று சொல்வது நம் வணிகர்களிடையே வழக்கமாகிவிட்டது. மேல் கோர்ட்டில் வழக்கை முதலிலிருந்து மறுபடி நடத்தலாம் என்ற எண்ணமே இதற்குக் காரணம். அந்த எண்ணத்துக்கு நாமே விலை கொடுத்திருக்கிறோம்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சில்லறைக் கடைக்குத் துவரம்பருப்பு கொடுத்த வகையில் நமக்கு 62,000 ரூபாய் வரவேண்டியிருந்தது. முன்சீப் கோர்ட்டில் பேரேட்டை மட்டும் தாக்கல் செய்தோம். கணக்குப் புத்தகத்தில் எழுதியிருப்பது மட்டுமே ஒருவர்மேல் கடனைச் சுமத்தப் போதாது என்பது சட்டம். வழக்கு தள்ளுபடியாயிற்று. கடைக்காரர் கையெழுத்திட்ட சிட்டைகள் நம் மண்டிப் பெட்டியில்தான் கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு சப் கோர்ட்டுக்கு அப்பீல் போனோம். "கையில் இருந்ததை அங்கே ஏன் தாக்கல் செய்யவில்லை?" என்று நீதிபதி கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. அப்பீலும் போயிற்று.

முதல் அப்பீலில் சாட்சியம், சட்டம் இரண்டையும் மேல் கோர்ட்டு மறுபடி எடைபோடலாம். ஆனால் தராசில் ஏறுவது கீழ்க் கோர்ட்டில் இறக்கிய சரக்குத்தான். புதுச் சான்று கொடுக்க வேண்டுமானால், கீழ்க் கோர்ட்டு அதைத் தவறாக வாங்க மறுத்திருக்க வேண்டும்; அல்லது தக்க முயற்சி செய்தும் அப்போது கிடைக்காததாக இருக்க வேண்டும்; அல்லது தீர்ப்புச் சொல்ல கோர்ட்டுக்கே அது தேவைப்பட வேண்டும். உயர் நீதிமன்றத்தில் இரண்டாவது அப்பீல் என்றால் இன்னும் கடினம். 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் அங்கே இடம்.

இது கொடுமை என்பார் சிலர். நாம் அப்படி நினைக்கவில்லை. தோற்றவரெல்லாம் புதுக் காகிதம் கொண்டுவரலாம் என்றால் எந்த வழக்கும் முடியாது. நமக்குப் பணம் தரவேண்டியவரும் அதையே செய்வாரே!

கெடுவையும் மறக்கக்கூடாது. சிவில் அப்பீலுக்கு மாவட்டக் கோர்ட்டுகளில் 30 நாள், உயர் நீதிமன்றத்தில் 90 நாள். தீர்ப்பு நகல் வாங்கும் நாட்கள் கழியும். அப்பீல் போட்டதாலேயே டிக்ரி நின்றுவிடாது. தடையுத்தரவு தனியே வாங்க வேண்டும். ஜி.எஸ்.டி. உத்தரவின்மேல் முதல் அப்பீலுக்கு மூன்று மாதம். தகராறான வரியில் 10 சதவீதம் கட்டியாக வேண்டும்.

"பழகியவரிடம் கையெழுத்துக் கேட்டால் மனம் கோணுமே" என்று தயங்குகிறோம். பணம் நின்ற பிறகு கோர்ட்டில் சந்தித்தால் கோணாதா? சரக்கு இறங்கும்போதே சிட்டையில் கையெழுத்து வாங்குவோம். வருடத்துக்கு ஒருமுறை பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொள்ளச் செய்வோம். வழக்கு என்று வந்தால், முதல் நாளே எல்லாக் காகிதத்தையும் வக்கீலிடம் கொடுப்போம். நம் சங்கமும் மாதம் ஒரு நாள் வக்கீல் ஒருவரை அழைத்து உறுப்பினர்களின் சிட்டைகளைப் பார்க்கச் செய்தால், பலருடைய முதல் தப்பிப் பிழைக்கும்.